திரையில் பார்த்த படம் தாளிலும் வர: ஃபைன் ஆர்ட் இங்க்ஜெட் அச்சுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் பிரிண்ட் கருத்துப்போய் வரும். கோப்பில் வெளிச்சத்தை ஏற்றி இன்னொன்று எடுப்போம். இப்போது நிழல் தெரிகிறது, ஆனால் முகம் சிவந்திருக்கிறது. சிவப்பைக் குறைத்து மூன்றாவது. அதுவும் பிடிக்காமல், பேப்பர்தான் சரியில்லையோ என்று வேறு பேப்பர். புதிதாக வருபவர்கள் இப்படி ஒரே மாலையில் ஒரு பெட்டித் தாளைத் தீர்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் தீர்த்தவன்தான்.

இத்தனைக்கும் படத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. மானிட்டர் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்திருக்கும், அவ்வளவுதான். மானிட்டரில் தவறு இருந்தாலும், புரொஃபைலில் (தாளுக்கேற்ற நிறக் கோப்பு) இருந்தாலும், டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இருந்தாலும், அது கண்ணுக்குத் தெரிவது பிரிண்டில். அதனால் எல்லோரும் படத்தையே திருத்தப் போகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தடுப்பதற்காகத்தான். ஒரு படி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிக்மென்ட் மை பயன்படுத்தும் பிரிண்டர் வேண்டும். டை மையில் நிறம் கரைந்த நிலையில் இருக்கும். பளபளப்பான தாளில் அழகாகவும் வரும், ஆனால் பொதுவாக வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் மங்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகளாக இருப்பதால் நீண்ட நாள் நிற்கும். கறுப்போடு ஒன்றிரண்டு சாம்பல் மைகளும் உள்ள பிரிண்டராக இருந்தால் நல்லது. சாம்பல் மை இல்லாத பிரிண்டர், சாம்பலைப் பெருமளவு நிற மைகளைக் கலந்துதான் உருவாக்கும். அந்தக் கலவை கொஞ்சம் பிசகினாலும் பச்சையோ மெஜந்தாவோ எட்டிப் பார்க்கும்.

அடுத்தது மானிட்டரை அளக்கும் கேலிபிரேஷன் கருவி. பிரிண்டருக்குச் செலவழிக்கும் பலர் இதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் இதை வாங்குங்கள், பிரிண்டர் பிறகு வரட்டும்.

படத்தின் மாஸ்டர் கோப்பு 16 பிட்டில், அடோபி ஆர்ஜிபி அல்லது புரோஃபோட்டோ ஆர்ஜிபி நிறவெளியில் (கோப்பு வைத்திருக்கக்கூடிய நிறங்களின் எல்லை) இருக்கட்டும். இவற்றைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபியில் சுருக்கிவிட்டால், பிரிண்டரால் அச்சிட முடிந்த சில பச்சைகளும் சயான்களும் கோப்பிலேயே தொலைந்துபோகும்.

இவற்றோடு, நிறத்தைச் சரியாகக் காட்டும் 5000 கெல்வின் விளக்கு ஒன்று, மிருதுவான பிரஷ், காட்டன் கையுறை, ஒரு நோட்டு, பென்சில். நோட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எந்த அமைப்பில் எந்தப் பிரிண்ட் வந்தது என்பது மறுநாளே மறந்துபோகும்.

## 1. அறையையும் மானிட்டரையும் சரிசெய்யுங்கள்

மானிட்டர் தானே ஒளிர்கிறது. தாள் அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கடையில் இருந்து வந்த மானிட்டர் பெரும்பாலும் தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும். அதில் பார்த்து நாம் படத்தை இருட்டாக்கிவிடுவோம். பிரிண்ட் கருத்துப்போவதற்கு முதல் காரணம் இதுதான்.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு கேலிபிரேட் செய்யுங்கள். பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள், காமா (நடு டோன்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் எண்) 2.2, வெண்புள்ளி (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின் என்று தொடங்கலாம். அறை மங்கலாகவும் எந்நேரமும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். ஜன்னல் வெயில் ஏறி இறங்கும் அறையில் காலையில் திருத்திய படம் மாலையில் வேறு படமாகத் தெரியும்.

இந்த எண்களையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்குக்குக் கீழே ஒரு வெற்றுத் தாளை அதன் பக்கத்தில் பிடியுங்கள். தாள் சாம்பலாகத் தெரிந்தால் மானிட்டர் இன்னும் பிரகாசம். திரை மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் வெண்புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்போது நிறுத்தி, அந்த எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி அளந்தால் போதும்.

## 2. படத்தைத் திருத்தும் முன் தாளை முடிவு செய்யுங்கள்

பலரும் படத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் எந்தப் பேப்பர் என்று யோசிக்கிறார்கள். இது தலைகீழ். படத்தில் எவ்வளவு கறுப்பு கிடைக்கும், எவ்வளவு நிறம் கிடைக்கும் என்பதைத் தாள்தான் தீர்மானிக்கிறது.

பளபளப்பில்லாத மேட் தாளில் கிடைக்கும் மிக ஆழ்ந்த கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 முதல் 1.7. பரைட்டா, லஸ்டர் போன்ற பளபளப்புள்ள தாள்களில் 2.2க்கு மேலேயே போகும். அடர்த்தி மடக்கை அளவு என்பதால் எண்ணில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிது: 1.7 என்றால் கறுப்பு தன் மேல் விழும் ஒளியில் 50இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, 2.3 என்றால் 200இல் ஒரு பங்கு.

ஆகவே இரவுத் தெரு, ஈரப் பாறை, ஆழ்ந்த நிழல்கள் உள்ள படங்கள் பரைட்டாவுக்கு. பனிமூட்டம், மென்மையான ஒளியில் எடுத்த முகம், வெளிர் நிறங்கள் மேட் காட்டன் தாளுக்கு. இது சட்டம் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் போவதற்குமுன் ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் வெண்மையையும் பாருங்கள். சில தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அது புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிர்வதால் தாள் பளீரென்று தெரியும். நாளாக நாளாக அந்த ஒளிர்வு குறையும், தாள் மஞ்சள் தட்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் முதல் நாளே குறையும். புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: பளிச்சென்று நீலமாக மின்னினால் அந்த ரசாயனம் நிறைய இருக்கிறது.

மேட் தாளுக்கும் பளபளப்பான தாளுக்கும் கறுப்பு மையே வேறு: ஒன்றுக்கு மேட் பிளாக், மற்றதற்கு போட்டோ பிளாக். சில பிரிண்டர்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது கொஞ்சம் மை வீணாகும். அப்படிப்பட்ட பிரிண்டர் என்றால் மேட் வேலைகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் முடியுங்கள்.

சாம்பிள் பேக்கில் இருக்கும் பத்து வகைத் தாள்களோடு வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு மேட், ஒரு பரைட்டா. ஆறு மாதம் அவற்றோடு மட்டும் பழகுங்கள். தாளின் குணம் கைக்குத் தெரிந்த பிறகுதான், பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபே புரிய ஆரம்பிக்கும்.

## 3. புரொஃபைலும் மீடியா டைப்பும் ஒரு ஜோடி

ஐசிசி புரொஃபைல் என்பது ஒரு குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள், டிரைவர் அமைப்பு எல்லாம் சேர்ந்து எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்று அளந்து எழுதிய கோப்பு. தாள் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் பிரிண்டர் மாடலுக்கு உரியதை இறக்கி நிறுவுங்கள். நிறுவிய பிறகு எடிட்டிங் மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் தெரியாமல் போகலாம்.

அதோடு வரும் குறிப்பையும் படியுங்கள். டிரைவரில் எந்த மீடியா டைப்பைத் தேர்வுசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தப் பெயருக்கும் உங்கள் தாளின் பெயருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அதையே போடுங்கள். எவ்வளவு மை இறங்க வேண்டும், எந்தக் கறுப்பு, மை தெளிக்கும் ஹெட்டுக்கும் தாளுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் மீடியா டைப்தான் முடிவு செய்கிறது. புரொஃபைல் சரியாக இருந்து மீடியா டைப் தவறினால், அளந்தது ஒன்று, அச்சிடுவது வேறொன்று. கறுப்பு வெளுத்துப்போகும், அல்லது மை தேங்கி நிழல் அடைத்துக்கொள்ளும்.

தனியாக ஒரு கஸ்டம் புரொஃபைல் செய்துகொள்ளலாமே என்று சிலர் உடனே கேட்பார்கள். அவசரம் வேண்டாம். பொதுப் புரொஃபைலில் சாம்பல் நிறங்கள் தெளிவாகச் சாய்ந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கான நிறக்கட்டப் பக்கத்தை அச்சிடும்போது எல்லா நிறத் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, அளக்கும் முன் ஒரு நாள் உலரவிட வேண்டும். ஈரத்தில் அளந்தால் புரொஃபைலும் ஈரத் தாளுக்கு ஏற்றதாகவே இருக்கும்.

## 4. சாஃப்ட் புரூஃப்: பிரிண்டுக்கென்று தனிப் பிரதி

மாஸ்டரைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, அதில் சாஃப்ட் புரூஃபை இயக்குங்கள். தாளின் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனையும் (கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்துவது), தாளின் வெண்மையைக் காட்டும் தேர்வையும் போடுங்கள்.

அந்தக் கடைசித் தேர்வைப் போட்டதும் படம் உயிரற்றுப்போனது போலத் தெரியும். நிறையப் பேர் இங்கேதான் பயந்து அதை அணைத்துவிடுகிறார்கள். கண் இன்னும் மானிட்டரின் முழு வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். போடும் நொடியில் வேறு பக்கம் பாருங்கள், மென்பொருளின் மெனுக்களை மறைத்துவிடுங்கள், அரை நிமிடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். கண் பழகியதும் தெரிவது பிரிண்டுக்கு ஓரளவு நெருக்கமாக இருக்கும்.

தாளால் காட்ட முடியாத நிறங்களை என்ன செய்வது என்பதுதான் ரெண்டரிங் இன்டென்ட்; இரண்டில் ஒன்று. ரிலேட்டிவ் கலோரிமெட்ரிக், தாளால் காட்ட முடிந்த நிறங்களை அப்படியே விட்டு, முடியாதவற்றை எல்லைக்கு இழுக்கும். பெர்செப்சுவல், எல்லா நிறங்களையும் கொஞ்சம் நெருக்கி, அவற்றுக்கு இடையிலான உறவைக் காப்பாற்றும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அடர் சிவப்புப் பூவின் இதழ் மடிப்புகள் எதில் தெரிகின்றனவோ அதை எடுங்கள்.

பிறகு இந்தப் பிரதியில் மட்டும் திருத்தங்கள். பெரும்பாலும் நிழலின் அடிப்பகுதியைக் கர்வ் (வெளிச்சத்தை மாற்றும் வளைகோட்டுக் கருவி) கொண்டு சற்றுத் தூக்குவது, நடு டோன்களில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் சேர்ப்பது, அவ்வளவுதான். எல்லை மீறிய நிறங்களைக் காட்டும் எச்சரிக்கை முழுவதும் மறையும்வரை நிறத்தைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். அது ஒரு தகவல், அவ்வளவே. எல்லைக்குள் நிறத்தைக் கொண்டுவரும் வேலையைப் புரொஃபைல் பார்த்துக்கொள்ளும். விவரம் அழிகிற இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

## 5. அளவு, அதன்பிறகு ஷார்ப்பனிங்

கணக்கு எளிது. 6000 × 4000 பிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 20 × 13.3 அங்குலம் வரும். அதே படத்தை ஏ2 தாளை நிரப்புமளவு பெரிதாக்கினால் அங்குலத்துக்குச் சுமார் 240 பிக்சல் நிற்கும். சுவரில் மாட்டிப் பார்க்கும் பிரிண்டுக்கு அது தாராளம். பிரிண்டர் பெட்டியில் போட்டிருக்கும் 2880, 5760 போன்ற எண்கள் மைத்துளிகளின் கணக்கு. அவற்றுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை.

எப்சன் டிரைவர்கள் 360இன் அடிப்படையிலும், கேனான் டிரைவர்கள் 300இன் அடிப்படையிலும் வேலை செய்கின்றன. படத்தை நீங்களே அந்த எண்ணுக்கு மாற்றி, அதற்குப் பிறகு ஷார்ப்பன் செய்யுங்கள், அதாவது ஓரங்களைக் கூர்மையாக்குங்கள். முதலில் ஷார்ப்பன் செய்து பிறகு பெரிதாக்கினால் ஓரங்களில் போட்ட கோடுகளும் சேர்ந்து பெரிதாகும்.

மேட் தாளில் மை சற்றுப் பரவுவதால் ஷார்ப்பனிங் கூடுதலாக வேண்டும். திரையில் 100 சதவீதத்தில் கொஞ்சம் மிகைக் கூர்மையாகத் தெரிவதுதான் தாளில் இயல்பாக வரும். பரைட்டாவுக்கு அதைவிடக் குறைவாகப் போதும்.

நான்கு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெள்ளை விடுங்கள். கையில் பிடிக்கவும், மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) வைக்கவும், கையெழுத்திடவும் இடம் வேண்டும். ஓரம்வரை அச்சிட்டால் மைத்துளிகள் தாளுக்கு வெளியேயும் தெறித்து பிரிண்டரின் உள்ளே படியும்.

## 6. பிரிண்டரைத் தயார்படுத்துங்கள்

நல்ல தாளை வைக்கும் முன் சாதாரணத் தாளில் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு). கோடுகளில் எங்காவது விடுபட்டிருந்தால் ஒருமுறை கிளீனிங், பிறகு மறுபடி செக். இரண்டு மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, சில மணி நேரம் கழித்து முயலுங்கள். உலர்ந்த மை ஊறி இளக நேரம் வேண்டும். பதற்றத்தில் அடுத்தடுத்து கிளீனிங் கொடுத்தால் மை தீர்ந்து கழிவுத் தொட்டி நிறைவதுதான் மிச்சம்.

அடைப்பு வராமல் இருக்க வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்றை அச்சிடுங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெட்டுக்கும் நல்லது, தாளுக்கும் நல்லது.

மேட் தாளில் எது அச்சுப் பக்கம் என்று பார்த்துத் தெரிவது கஷ்டம். மூலையில் இலேசாக ஈரமான விரலால் தொடுங்கள். ஒட்டுவது போல இருக்கும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம்.

காட்டன் தாளை வைக்கும் முன் பிரஷால் துடைப்பதை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். தாளின் மேல் தளர்ந்த இழைகள் இருக்கும். மை அவற்றின் மேல் விழும். பிறகு இழை உதிரும்போது மையும் சேர்ந்து போய், கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளி மிஞ்சும். பெரிய பிரிண்ட் ஒன்று முடிந்து, கையில் எடுத்துப் பெருமையாகத் தட்டியபோது எனக்கு அப்படி மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன.

தாளின் மூலை சுருண்டிருந்தால் ஹெட் அதில் உரசிக் கறுப்புக் கோடு போடும். எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்துச் சமப்படுத்துங்கள். தடித்த தாளுக்கு டிரைவரில் பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையிலான தூரம்) அகலமாக்குங்கள்.

## 7. நிறத்தை ஒருவர் மட்டும் கவனிக்கட்டும்

அச்சு விண்டோவில் நிறத்தை யார் நிர்வகிப்பது என்று கேட்கும் இடத்தில் எடிட்டிங் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, தாளின் புரொஃபைலையும் சாஃப்ட் புரூஃபில் எடுத்த அதே இன்டென்டையும் கொடுங்கள். பிறகு டிரைவருக்குள் போய் அதன் நிறத் திருத்தத்தை முழுவதும் அணையுங்கள். விண்டோஸில் இதை நீங்களே செய்ய வேண்டும். மேக்கில் பெரும்பாலும் அந்தப் பகுதி தானாகவே பூட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு பேரும் திருத்தினால், ஒரே திருத்தம் இருமுறை விழும். பிரிண்ட் பெரும்பாலும் மெஜந்தா படிந்தோ தோல் நிறம் கன்றியோ வரும். அப்படி ஒன்று வந்தால் படத்தைத் திறக்காதீர்கள், டிரைவரைத் திறங்கள்.

மீடியா டைப், தாளின் அளவு, நூறு சதவீத அளவீடு, எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஹை ஸ்பீட் தேர்வை அணையுங்கள். அதில் ஹெட் இரு திசையிலும் அச்சிடுவதால் கோடுகள் தெரிய வாய்ப்பு அதிகம். பிறகு இந்த அமைப்பை, தாளின் பெயரிலேயே பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை கை தவறுவதற்கு இடமில்லை.

## 8. உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு பொதுச் சோதனைப் படம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். தோல் நிறங்கள், சாம்பல் படிக்கட்டு (கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியான கட்டங்கள்), அடர் நிறங்கள் எல்லாம் உள்ள தரமான சோதனைப் படம் ஒன்றை அச்சிடுங்கள். அதில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது.

அது சரியாக வந்து உங்கள் படம் தவறாக வந்தால், குறை உங்கள் படத்தில், அல்லது அதைத் திருத்திய மானிட்டரில். இரண்டும் தவறாக வந்தால் குறை தாள், புரொஃபைல், டிரைவர், நாசில் ஆகியவற்றில் ஒன்றில். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல்தான் மாலை முழுவதும் தாள் வீணாகிறது.

பிறகு உங்கள் படத்திலிருந்து ஒரு துண்டு. முழுப் படத்தைச் சுருக்கி ஏ4இல் போட வேண்டாம். சுருக்கிய படத்தில் கூர்மையும் கான்ட்ராஸ்டும் வேறாகத் தெரியும். இறுதி அளவிலேயே வைத்து, ஆழ்ந்த நிழல், முக்கியமான நடு டோன், மிக வெளிச்சமான இடம் மூன்றும் வரும் பட்டையை வெட்டி எடுத்து அச்சிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று பின்பக்கம் பென்சிலால் குறியுங்கள்.

## 9. உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள்

பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும் மை ஈரமாக இருக்கும். மேட் தாளின் கறுப்பு காய்ந்த பிறகு வேறாகத் தெரியலாம். குறைந்தது அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பார்க்கும் வெளிச்சமும் அளவுகோலின் ஒரு பகுதி. அச்சுத் துறைக்கான ஐஎஸ்ஓ 3664 தரம், நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸும், வீட்டிலோ அலுவலகத்திலோ பார்ப்பது போன்ற சாதாரணப் பார்வைக்கு 500 லக்ஸும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் விளக்கு 5000 கெல்வின் பகலொளி. மஞ்சள் பல்புக்குக் கீழே நின்று, பிரிண்ட் மஞ்சளாக இருக்கிறது என்று நீலம் சேர்த்தவர்கள் உண்டு.

கடைசியாக, பிரிண்ட் தொங்கப்போகும் இடத்தில் வைத்தும் பாருங்கள். மங்கலான வராந்தாவுக்குப் போகிற பிரிண்டை ஒரு சாயல் வெளிச்சமாக எடுப்பது தவறில்லை. படத்தைத் தொட நியாயமான காரணம் கிடைக்கும் இடம் இது.

சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நாசில் செக், பிறகு ஹெட் அலைன்மென்ட். நிழல் முழுதும் ஒரே கறுப்பாக அடைந்தால் மீடியா டைப், பிறகு மானிட்டர் பிரகாசம். நிறம் ஒரே பக்கம் சாய்ந்தால் இரட்டைத் திருத்தம், பிறகு புரொஃபைல்.

## 10. கறுப்பு வெள்ளைக்கு மட்டும் ஒரு விலக்கு

எப்சன், கேனான் இரண்டின் உயர்தரப் பிரிண்டர்களிலும் கறுப்பு வெள்ளைக்கென்று தனி அச்சு முறை இருக்கிறது. அதில் கறுப்பு, சாம்பல் மைகளே பெரும்பகுதி வேலையைச் செய்யும். நிற மை டோனுக்காகத் துளி மட்டும் சேரும். அதனால் விளக்கு மாறினாலும் நிறம் அதிகம் சாயாது. இங்கே நிற நிர்வாகத்தை டிரைவரிடமே விட வேண்டும். சாஃப்ட் புரூஃப் இதற்குத் துல்லியமாகப் பொருந்தாது என்பதால் சோதனைத் துண்டுகளை நம்பித்தான் ஆக வேண்டும்.

## 11. உலரவிடுதல், ஃப்ரேம், பாதுகாப்பு

கண்ணாடிக்குள் வைக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம், பரைட்டா என்றால் இன்னும் கூடுதலாக. மையில் இருக்கும் ஆவியாகும் பொருட்கள் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தது போல மங்கும். மேலே பூச்சில்லாத சாதாரணத் தாளை வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மாற்றினால் வேகமாக உலரும்.

பிரிண்ட் கண்ணாடியைத் தொடக் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு அந்த இடைவெளியைத் தரும். பிளாஸ்டிக் உறையில் வைப்பதானால் பிவிசி வேண்டாம். பாலியெஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ பாருங்கள். மேட் தாளின் கறுப்புப் பகுதியை நகத்தால் தொட்டாலே கோடு விழும் என்பதால், கையெழுத்துக்கு முன்னும் கையுறை கழற்றாதீர்கள். கையெழுத்து வெள்ளை ஓரத்தில், பென்சிலால்.

ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட பிரிண்டில் ஒன்றை விற்காமல், கொடுக்காமல், இருட்டுப் பெட்டியில் வையுங்கள். பின்பக்கம் தாள், புரொஃபைல், மீடியா டைப், இன்டென்ட், தேதி. ஒரு வருடம் கழித்து அதே படத்தை யாராவது கேட்கும்போது, மை கார்ட்ரிட்ஜும் தாள் பெட்டியும் மாறியிருக்கும், சில சமயம் மானிட்டரும்கூட. அன்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு பிரிண்ட் இருந்தால், இரண்டே துண்டில் வேலை முடிந்துவிடும்.